காத்தாயிக்கு விழுந்த சீட்டு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முகேஷ்குமாரைப் பார்க்கப் போனால், அவன் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, எதிரே ஆளே இல்லாமல் சீட்டுப் போட்டுக்கொண்டிருப்பான். சீட்டுப் போடுவதோடு விட்டாலும் பரவாயில்லை, கூடவே பேசுவான். "இப்ப என்ன செய்யப் போற காத்தாயி? கீழ எறங்கப் போறியா?" என்பான். நாகல் நகரில் அந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி அவன் மனைவி கௌசல்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்காரர எங்கயாச்சும் காட்டுனீங்களா?" என்று பரிவோடு விசாரித்தாள். கௌசல்யாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆள் தெளிவுதான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை. விடியும் முன்னே போனால் பதினொரு மணிக்கெல்லாம் மார்க்கெட் காலியாகிவிடும். பிறகு நாள் முழுக்க அவனுடையது. சிலர் தூங்குவார்கள், சிலர் டீக்கடையில் அரசியல் பேசுவார்கள். இவன் காத்தாயியோடு பேசுவான்.

காத்தாயி என்று ஒருத்தியும் கிடையாது. கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது நாலு பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஆளுக்கொரு வேஷம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒருவன் மட்டும் கதையை நடத்துவான்: ஆறு குறுக்கே வருகிறது, திருடன் வருகிறான், என்ன செய்கிறாய் என்று கேட்பான். மற்றவர்கள் பதில் சொல்லச் சொல்லக் கதை நகரும். படிப்பு முடிந்தது. ஒருவன் பெங்களூர், ஒருவன் துபாய், ஒருவன் கல்யாணம் ஆனதோடு போனையே எடுப்பதில்லை. முகேஷ்குமார் மட்டும் அந்த ஆசையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். தனியாளாகவே இதை ஆடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது பிறகு இணையத்தில் பார்த்துத்தான் தெரிந்தது. கதை நடத்துகிறவன் இடத்தில் அவர்கள் டாரட் என்கிற படச் சீட்டுக் கட்டை வைத்துக்கொள்கிறார்கள். கேள்வியைக் கேட்டு, ஒரு சீட்டைப் புரட்டி, அதில் இருக்கிற படத்தைப் பார்த்து, அடுத்து என்ன நடந்தது என்று தானே தீர்மானிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதே கட்டை வைத்துக் குறியும் பார்க்கிறார்கள். அது வேறு கதை.

அந்தக் கட்டை அவனுக்கு அச்சடித்துக் கொடுத்தவன் பேகம்பூரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கிற பைசல், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அச்சடித்து, ஓரம் வெட்டிக் கொடுக்கும்போதே சொன்னான். "எங்க வீட்ல இதப் பாத்தா என்னய உள்ள விட மாட்டாங்கடா. குறி பாக்குற சாமான்டா இது."

"எனக்கு விளையாட்டுக்குத்தான்டா."

"ஒனக்குத் தெரியும். பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல?"

முகேஷ்குமார் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. விழுந்த சீட்டை மாற்றக் கூடாது. பிடிக்காத சீட்டு விழுந்தால் அதை உள்ளே சொருகிவிட்டு வேறு எடுக்கலாம், யார் பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்காததாலேயே அதைச் செய்யக் கூடாது என்பது அவன் கட்சி. மார்க்கெட்டில் வாயைத் திறந்தால் பொய்தான். வாடின மல்லியை இப்போது பறித்தது என்பான், நல்ல மல்லியை நனைந்தது என்பான், சம்பளம் கொடுக்கிறவன் சொல்லச் சொல்வதையெல்லாம் சொல்வான். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தால் மட்டும் சுத்தம். போன வருஷம் அவன் ஆசையாக வளர்த்த ஒரு வேஷம் கெட்ட சீட்டு விழுந்து செத்துப்போனபோது, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானே தவிர, சீட்டை மாற்றவில்லை. "செத்தது யாரு, ஒங்க சித்தப்பாவா?" என்று கேட்டாள் கௌசல்யா. இந்தக் கொள்கையில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. பெருமை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை.

காத்தாயி கிணறு தூர்வாருகிறவள். மழையே இல்லாத ஒரு தேசத்தில் ஊர் ஊராகப் போய் இடிந்த கிணறுகளில் இறங்குவாள். ஒரு நாள் மத்தியானம் அப்படி ஒரு கிணற்றுக்குள் அவளுடைய கயிறு பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. மேலே ஏறப் பார்ப்பதா, அப்படியே இருப்பதா? முகேஷ்குமார் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் அக்கா சண்முகவள்ளி உள்ளே வந்தாள்.

அக்காவை அகரம் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மல்லியும் சம்பங்கியும் போடுகிற குடும்பம். இவனைவிடப் பதினைந்து வயது மூத்தவள், இவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். மாமா ஆண்டிச்சாமிக்குச் சர்க்கரை, காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரியில் காட்ட வருகிறார்கள் என்ற அளவில் முகேஷ்குமாருக்குத் தெரியும். அக்கா முருங்கைக்காய்ப் பையைச் சுவரோரம் சாத்திவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"மாமா எங்கக்கா?"

"ஆஸ்பத்திரியில உக்காந்திருக்காரு. செத்த நேரம் ஒன்னயப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இது என்ன அப்பு, சாமி படமா?"

"வெள்ளைக்காரன் சீட்டுக்கா."

"எடுத்தா என்ன ஆகும்?"

"கேட்டதுக்குப் பதில் வரும்."

விளையாட்டு மும்முரத்தில் இருந்தவன் வாயில் அது அப்படி வந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசையாமல் எதையோ நினைத்தாள். பிறகு, "எடு" என்றாள். முகேஷ்குமாருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒருத்தர் வந்ததில்லை. காத்தாயியின் கயிற்றை நினைத்துக்கொண்டு எடுத்தான்.

மரத்தில் ஒருவன் தலைகீழாகத் தொங்குகிறான். ஒரு கால் கட்டியிருக்கிறது, இன்னொரு கால் மடங்கிப் பின்னால் மறைந்திருக்கிறது. முகத்தில் மட்டும் ஒரு வேதனையும் இல்லை, தலையைச் சுற்றி வெளிச்சம். அக்கா அந்தப் படத்தையே பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"இப்ப ஒண்ணும் செய்யாத, பொறுத்திருன்னு சொல்லுதுக்கா." அதோடு நிறுத்தினானா? கேட்க ஆள் கிடைத்த மிதப்பில் ஒரு பிடி கூட்டிப் போட்டான். "பொறுத்தா எல்லாம் தானாச் சரியாயிரும்னு அர்த்தம்."

சண்முகவள்ளி பெருமூச்சு விட்டாள். கண் கலங்கியிருந்தது. தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனாள். அக்கா அலைச்சலில் இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு, காத்தாயியைக் கிணற்றுக்குள் பொறுத்திருக்க வைத்துவிட்டு, முகேஷ்குமார் படுத்துத் தூங்கினான்.

அந்த வாரச் சனிக்கிழமை மாமாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அகரத்துக்குப் பஸ் ஏறினான். வீட்டுக்குள் நுழையும்போதே வாடை வந்தது. சந்தன வத்தி கொளுத்தியிருந்தார்கள், அதையும் மீறி வந்தது. ஆண்டிச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது பாதம் தலையணை மேல் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தது. துணி விலகின இடத்தில் இரண்டு விரல்கள் கருகின மாதிரி இருந்தன.

"என்ன மாமா இது? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு வெரல எடுக்கணும்னாரு மாப்ள. எடுத்துட்டா காலு தப்பிச்சிரும்னாரு."

"எப்ப எடுக்குறாங்க?"

ஆண்டிச்சாமி மனைவியைப் பார்த்தார். சண்முகவள்ளி நிறைந்த முகத்தோடு சொன்னாள். "வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டோம். நீதான அப்பு சொன்ன, பொறுத்திருன்னு?"

முகேஷ்குமார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

அந்தப் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. ஒரு முடிவு எடுக்க முடியாமல் திண்டாடினால் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். இன்ன பூ வந்தால் செய்யலாம், இன்ன பூ வந்தால் கூடாது என்று கேட்கிறவர் மனசுக்குள் வைத்துக்கொள்வார், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். விஷயம் தெரியாத யாராவது ஒருவரை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுக்கிறவருக்குக் கேள்வி தெரியக் கூடாது. வந்தது வந்ததுதான், திரும்ப ஒருமுறை கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். சண்முகவள்ளி வீட்டில் போர் போட்டதும் பூக் கேட்டுத்தான், மகளைக் கரூரில் கொடுத்ததும் பூக் கேட்டுத்தான்.

"கோயில்லதான் கேட்டிருப்பேன்" என்றாள் அவள். "பங்காளி வீட்ல எழவு விழுந்து தீட்டாப் போச்சு, வாசல் மிதிக்க முடியல. டாக்டரு வேற இன்னைக்கே முடிவு சொல்லுங்கன்னுட்டாரு. என்ன செய்வேன்? ஒன் வீட்டுக்கு வந்தா, ஆத்தாளே ஒன்னயச் சீட்டும் கையுமா உக்கார வச்சிருக்கா."

"அக்கா, அது வெறும் விளையாட்டு. நான் ஒன் கேள்விக்கு எடுக்கல. நீ என்ன கேட்டன்னே எனக்குத் தெரியாது."

"அதத்தான் அப்பு நானும் சொல்றேன். தெரிஞ்சு எடுத்தா அது மனுசன் சொல்றது. தெரியாம எடுத்தாத்தான் சாமி சொல்றது."

"அது காத்தாயிக்கு எடுத்ததுக்கா!"

"காத்தாயி யாரு?"

"ஒருத்தியும் இல்ல. நானா உண்டாக்குன ஆளு."

"இல்லாத ஆளுக்கு எதுக்குச் சீட்டு விழுகுது?" என்றாள் சண்முகவள்ளி. "இருக்குற ஆளுக்குத்தான் விழும். ஒத்தக் கால மடக்கிக்கிட்டு ஒரு ஆம்பள தொங்குனானே, பாத்தேல்ல? அது காத்தாயியா?"

முகேஷ்குமார் விடவில்லை. அவன் எடுத்து வைத்த நியாயம் ஒவ்வொன்றும் அவள் பக்கமே போய்ச் சேர்ந்தது. வேஷம் என்றான், கற்பனை என்றான், பைசல் கடையில் அச்சடித்த அட்டை என்றான். சாமி படமும் அச்சடிக்கிறதுதானே என்றாள் அவள். கடைசியில் மாமாவைப் பார்த்தான். "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

ஆண்டிச்சாமி கூரையைப் பார்த்தார். "வெரலு போனா வரப்புல எப்டி மாப்ள ஊனி நிக்கிறது?" என்றார். அந்த மனிதருக்குக் கத்தி என்றால் பயம். பொறுத்திரு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவர் அவர்தான். வந்த பதிலை அவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கௌசல்யாவிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். சர்க்கரைப் புண்ணோடு வருகிறவர்களைத் தினம் பார்க்கிறவள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இன்னொரு சீட்ட எடுத்துட்டுப் போங்க. இப்ப ஆபரேசன் பண்ணச் சொல்லுதுன்னு மதினிகிட்டச் சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

"எந்தச் சீட்டு வரும்னு எப்படித் தெரியும்?"

"என்னங்க, வெவரம் இல்லாத ஆளா நீங்க? நல்லதாப் பாத்து ஒண்ண எடுத்து மேல வச்சுக்குங்க."

"அது பொய்."

"பொய்தான். அதனால என்ன?"

"எடுத்துச் சொன்னா அக்காவுக்குப் புரியும். இத உண்மையச் சொல்லியே சரி பண்ணலாம் கௌசி. ஒரு தடவ நான் சீட்ட மாத்திட்டேன்னா, அப்புறம்…"

"அப்புறம் ஒங்க விளையாட்டு கெட்டுப்போகும். அதான?"

முகேஷ்குமாருக்குக் கோபம் வந்தது. அப்படி இல்லை, மூடநம்பிக்கைக்குத் தானும் துணை போகக் கூடாது என்பதற்காகத்தான் என்று சத்தம் போட்டான். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரியாக அங்கே போய்க் குத்தியதால்தான் அந்தச் சத்தம் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதன் பிறகு அவன் சும்மா இருந்தான் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் ஒருவர் சர்க்கரைப் புண்ணைப் பற்றித் தமிழில் பேசுகிற வீடியோவை அக்கா போனுக்கு அனுப்பினான். அவள் கும்பிடுகிற படத்தைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஊர் நர்சம்மாவைக் கையில் காலில் விழுந்து வீட்டுக்கு அனுப்பி வைத்தான். நர்சம்மா கத்தாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். சண்முகவள்ளி பொறுமையாகக் கேட்டு, காப்பி கொடுத்து, தலை நிறைய மல்லிகைப் பூவும் கொடுத்து அனுப்பினாள். மறுபடி நேரில் போய் விளக்கினான். மறுபடியும் தோற்றான். நியாயமான ஆள் செய்கிற காரியம் எல்லாவற்றையும் செய்தான். அவன் நியாயம் பேசப் பேச அங்கே கால் கறுத்துக்கொண்டே வந்தது. எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

ஒரு நாள் மார்க்கெட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. "மாமாவுக்குக் குளுரு காச்சல் அப்பு. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. பேச்சுக் கொழறுது" என்றாள். குரலில் பழைய தெம்பு இல்லை. "நான் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று அவளே ஏதோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

முகேஷ்குமார் தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். கட்டைப் பிரித்துப் பாயில் பரப்பினான். எதைக் காட்டினால் அவள் கத்திக்குச் சம்மதிப்பாள்? தேடவே வேண்டியிருக்கவில்லை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாளைப் பிடித்திருக்கிற சீட்டு. அதை மட்டும் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மற்றதைக் கட்டாகச் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். பைசலுக்குப் போன் செய்து காரோடு அகரத்துக்கு வரச் சொன்னான். எதற்கு என்று பைசல் கேட்கவில்லை. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் நெஞ்சுக்கு நேரே அந்த அட்டை முனை குத்திக்கொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழகாத ஆளா அவன்? இருந்தும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஆண்டிச்சாமி கண்ணை மூடிக் கிடந்தார். கம்பளிக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் முகேஷ்குமார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த சீட்டை எடுத்துச் சீட்டுக் கட்டின் மேலே வைத்தான். சொம்போடு வந்த சண்முகவள்ளி சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வேணாம் அப்பு. திரும்பக் கேக்கக் கூடாது. ஆத்தா கோவிச்சுக்குவா."

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்க்கா. நான் என் கதைய முடிக்கணும். அன்னைக்கு நீ பாத்தது பாதிக் கதைதான். உக்காரு."

காத்தாயியைப் பற்றிச் சொன்னான். மழையில்லாத ஊர், இடிந்த கிணறு, பாறையில் சிக்கின கயிறு. பொறுத்திரு என்று சீட்டு விழுந்ததால் அவள் அந்த இருட்டில் தொங்கிக்கொண்டு பொறுத்திருந்ததைச் சொன்னான். பசி வந்தது, பொறுத்திருந்தாள். கை மரத்தது, பொறுத்திருந்தாள். கீழே எங்கேயோ ஊற்று உடைந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. இடுப்பளவு வந்தது, கழுத்தளவு வந்தது. இதெல்லாம் எந்தச் சீட்டிலும் விழவில்லை, அந்த இடத்தில் அவனாகக் கட்டிச் சொன்னது. குரல் தானாக நடுங்கியது, அதை நடிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் கிடக்கிற காலைப் பார்த்துக்கொண்டே சண்முகவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள், தன்னை மீறி.

முகேஷ்குமார் மேல் சீட்டைப் புரட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள். "மேகத்துக்குள்ளருந்து கை வருது" என்றாள். "கையில கத்தி வச்சிருக்கா ஆத்தா." சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "பொறுக்கச் சொன்ன காலம் முடிஞ்சு போச்சு அப்பு. கத்தி வைக்கச் சொல்லிட்டா. காரு கெடைக்குமா பாரு."

பைசல் கார் அப்போதுதான் வாசலில் வந்து நின்றது. அதையும் சண்முகவள்ளி ஆத்தா கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

ஆண்டிச்சாமி உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், "முதல்ல சொன்னப்பவே வந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும். போன வாரம் வந்திருந்தாக்கூடப் பாதத்தைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். பக்கத்தில் கௌசல்யா நின்றிருந்தாள். அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு அறை விட்டிருந்தால் முகேஷ்குமாருக்கு நன்றாக இருந்திருக்கும்.

சண்முகவள்ளிக்குத்தான் ஒரு சஞ்சலமும் இல்லை. கால் போனது விதி, உயிர் வந்தது தம்பி சீட்டு. மகளிடம் சொன்னாள், பூப் பறிக்க வருகிற பெண்களிடம் சொன்னாள், தாடிக்கொம்பு கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறவர்களிடமும் சொன்னாள். நாகல் நகர் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஒருத்தி மகனுக்கு வெளிநாடு போகிற யோகம் உண்டா என்றாள். ஒருத்தர் தென்னந்தோப்பை விற்கலாமா என்று வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார். தம்பியின் கைராசி தெரிந்து வந்திருக்கிறோம், நாங்கள் என்ன கேட்கிறோம் என்று சொல்ல மாட்டோம், நீங்கள் எடுத்தால் மட்டும் போதும் என்றார்கள். அவன் கதவைச் சாத்தினான். கர்வம் பிடித்தவன் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அவன் தனக்காக ஒரு தடவை பாயை விரித்துப் பார்த்தான். கட்டைக் கலைத்தான், கேள்வியைக் கேட்டான், சீட்டைப் புரட்டினான். ஏதோ ஒரு படம் வந்தது. வெறும் கல்யாணப் பத்திரிகை அட்டை. அதற்கு முன்னெல்லாம் சீட்டு விழுந்தால் அந்தத் தேசத்தில் காற்று அடிக்கும், ஆள் நடமாடும். இப்போது ஒன்றும் அசையவில்லை. இதை நான் எடுத்தேனா, இது விழுந்ததா என்கிற நினைப்பே முன்னால் வந்து நின்றது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மத்தியானத்தில் அவனும் டீக்கடைக்குப் போய் அரசியல் கேட்க ஆரம்பித்தான்.

ஆண்டிச்சாமியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, மார்க்கெட் முடிந்ததும் வாரத்தில் பாதி நாள் அகரத்துக்குப் போய்விடுவான். அவரைப் பிடித்து எழுப்பி, நாலு கால் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வைத்து, கட்டிலிலிருந்து வாசல்வரை நடத்திக் கூட்டி வருவான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. மாமா வீட்டுக்காக உருகுகிறான் என்று ஊரில் நல்ல பேர்.

ஒரு நாள் சண்முகவள்ளி பூப் பறிக்கப் போயிருந்தாள். வாசல்வரை நடந்து வந்த ஆண்டிச்சாமி மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே அவருடைய மல்லித் தோட்டம், வரப்புகளோடு. அதைப் பார்த்தபடியே, திரும்பாமல் பேசினார்.

"மாப்ள, அன்னைக்கு நீ பையிலருந்து அந்தச் சீட்ட எடுத்து மேல வச்சத நான் பாத்தேன்."

இரும்புச் சட்டத்தைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்த முகேஷ்குமார் திரும்பினான். "மாமா…"

"காச்சல்தான், ஆனா கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. ஒங்கக்காகிட்டச் சொல்லல. சொன்னா அவ தாங்க மாட்டா. மொத சீட்டுக்கும் சேத்து அவளே பழியச் சொமந்துக்குவா."

"மன்னிச்சிருங்க மாமா."

"என்னத்துக்கு? நல்ல காரியம்தான செஞ்ச. எனக்கும்தான் வேற வழி தெரியாம இருந்துச்சு. போறேன்னு சொல்லப் பயம், மாட்டேன்னு சொல்லவும் பயம். நீ அத எடுத்து வச்சப்ப, அப்பாடா, நம்மள ஒருத்தன் இழுத்துட்டுப் போகப் போறான்னு இருந்துச்சு." ஆண்டிச்சாமி அவன் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. தண்ணீர் பாய்ச்சியாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "இம்புட்டு லேசான வேலைய, மாப்ள, அந்த மொத சனிக்கெழம வந்தியே, அன்னைக்கே ஏன் செய்யல?"

முகேஷ்குமாரிடம் பதில் இருந்தது. என் விளையாட்டில் நான் பொய் சொல்வதில்லை மாமா. அவ்வளவுதான், ஒரு வரி. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.